போலி அமினோ அமிலத்தைத் தாங்கும் நெல் செல்களில் உள்ளேற்பை அளப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

நச்சுத்தன்மை கொண்ட போலி அமினோ அமிலம் (லைசின் போன்ற உண்மையான அமினோ அமிலத்தை ஒத்திருந்து செல்லை ஏமாற்றும் சேர்மம்) கலந்த தட்டில் மற்றவை எல்லாம் கருகிப்போக, ஒரே ஒரு கேலஸ் (உறுப்பாகப் பிரியாத செல் திரள்) துண்டு மட்டும் வெளிர்மஞ்சளாக வளர்ந்து நின்றால், அதை எடுத்துவரும் மாணவர் அது லைசினை மிகுதியாக உண்டாக்கி நஞ்சை வெல்லும் வரிசை என்ற முடிவோடுதான் வருகிறார். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, நஞ்சு செல்லுக்குள் போயிற்றா என்பது. நஞ்சு வாசலிலேயே நின்றுவிட்டது என்றால், செல் அதைத் தாங்கியது என்று சொல்வதில் பொருளில்லை.

இரண்டு விடைகளுக்கும் முன்னுதாரணம் உண்டு. டிரிப்டோபேனின் போலியான 5-மெத்தில் டிரிப்டோபேனைத் தாங்கிய புகையிலைச் செல்களில், டிரிப்டோபேன் உருவாக்கத்தின் ஆந்த்ரனிலேட் சிந்தேஸ் நொதி, டிரிப்டோபேனால் எளிதில் தடுக்கப்படாத வடிவில் இருந்தது 1972-இல் வெளியானது. லைசினின் போலியான அமினோஎத்தில் சிஸ்டீனைத் தாங்கிய வாற்கோதுமைச் சடுதிமாற்ற வகைகளிலோ, வேர் லைசினை உள்ளே எடுப்பதில்தான் குறை இருந்தது என 1983-இல் காட்டப்பட்டது. உங்கள் வரிசை எந்தப் பக்கம் என்பதை உள்ளேற்பை, அதாவது செல் அமினோ அமிலத்தை உள்ளே எடுக்கும் வேகத்தை, அளக்காமல் சொல்ல முடியாது.

இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்வது, டெல்டாவில் குறுவைக்குப் பரவலாக விதைக்கப்படும் ஆடுதுறை 43 நெல்லின் விதையிலிருந்து எடுத்த கேலஸையும், அமினோஎத்தில் சிஸ்டீனைத் தாங்கும் அதன் வரிசையையும். வேறு பயிருக்கும் வேறு போலிக்கும் எண்கள் மாறும். படிகளின் வரிசை மாறாது.

1. எதை முதலில், எதைப் பிறகு

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் செறிவை மாற்றி மாற்றி அளக்கும் வேலையில் முதலில் இறங்குகிறார்கள். அந்த வளைகோடு ஆய்வேட்டில் அழகாக இருக்கும் என்பதே காரணம். ஆனால் அது கடைசிக்கு முந்தைய படி. தாங்குதிறனை எண்ணாக அறிவது, ஊடகத்தைச் சுத்தப்படுத்துவது, இரு வரிசைகளையும் ஒரே நிலைக்குக் கொண்டுவருவது, நேர வளைகோடு போடுவது ஆகியவை முடிந்த பிறகே செறிவுக்கு வர வேண்டும். நேர வளைகோடு நேர்கோடாக இருக்கும் கால அளவு தெரியாமல் எடுத்த வேகம் எதுவும் வேகம் ஆகாது.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை தாய் வரிசை. எதிர்ப்பு வரிசை எந்தக் கேலஸிலிருந்து பிரிந்ததோ அதே கேலஸ், அதே இடைவெளியில் மறுவளர்ப்பு செய்யப்பட்டு (புது ஊடகத்துக்கு மாற்றப்பட்டு), அதே வயதில் இருக்க வேண்டும். இரண்டு ஆண்டு வயதான எதிர்ப்பு வரிசையைச் சென்ற மாதம் விதையிலிருந்து எடுத்த புதுக் கேலஸோடு ஒப்பிட்டால், வேறுபாடு எதிர்ப்பால் வந்ததா வயதால் வந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. தாய் வரிசையைத் தூக்கிப் போட்டவர்கள் அதற்குப் பிறகு செய்யக்கூடியது மிகக் குறைவு.

இரண்டாவது, கார்பன்-14 ஏற்றிய லைசினும் அதைக் கையாளும் அனுமதியும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளின்படி அனுமதி பெற்ற ஆய்வகத்தில்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். கார்பன்-14-இன் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள். பாஸ்பரஸ்-32 போலச் சில மாதம் பூட்டி வைத்தால் தணிந்துவிடும் பொருள் அல்ல. ஆகவே கழிவை எங்கே, யாரிடம் ஒப்படைப்பது என்பதை வாங்கும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி இல்லாத கல்லூரிகளுக்கான வழி 9-ஆம் பகுதியில் இருக்கிறது.

மூன்றாவது, ஷேக்கருக்கு, அதாவது திரவ வளர்ப்புக் குடுவைகளைச் சுழற்றும் கருவிக்கு, தடையில்லா மின்சாரம். இது வசதிக்காகச் சொல்வது அல்ல. அமினோ அமிலம் பெரும்பாலும் புரோட்டான்களோடு சேர்ந்தே சவ்வைக் கடக்கிறது. அந்தப் புரோட்டான் சரிவைக் காப்பது சுவாசத்திலிருந்து வரும் ஆற்றல். மின்சாரம் போய் ஷேக்கர் நின்றால் செல்கள் குடுவையின் அடியில் படிந்து ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கின்றன. மறுபடி சுழலத் தொடங்கியதும் பார்வைக்கு எல்லாம் பழையபடி இருக்கும், உள்ளேற்பு மட்டும் இறங்கியிருக்கும். சோதனைக்கு முந்தைய நாளில் நெடுநேரம் நின்றுபோன குடுவையை நான் அளவீட்டுக்கு எடுப்பதில்லை.

ஒவ்வொரு வரிசைக்கும் திட ஊடகத்தில் இரட்டைப் பிரதி வைத்திருங்கள். கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பின், டெல்டாவின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நாட்களில் திரவ வளர்ப்பு பிழைக்காது. அகார் மேல் இருக்கும் கேலஸ் பிழைக்கும்.

3. ஊடகத்தில் ஒளிந்திருக்கும் அமினோ அமிலங்கள்

தாவரத் திசு வளர்ப்பில் பரவலான எம்.எஸ். (முராஷிகே-ஸ்கூக்) ஊடகத்தின் மூலக் குறிப்பிலேயே லிட்டருக்கு 2 மில்லிகிராம் கிளைசின் உண்டு. கிளைசினின் மூலக்கூறு எடை 75. ஆக அது ஏறத்தாழ 27 மைக்ரோமோலார். நீங்கள் 50 மைக்ரோமோலார் லைசினை அளக்கப்போகும் இடத்தில் இது புறக்கணிக்கத்தக்க அளவு அல்ல. நெல்லுக்குப் பலர் பயன்படுத்தும் என்6 ஊடகத்திலும் கிளைசின் இருக்கிறது. அதோடு கேலஸ் நன்றாக வரட்டும் என்று லிட்டருக்கு 500 மில்லிகிராம் புரோலினும், கேசின் ஹைட்ரோலைசேட்டும் (பால் புரதத்தைச் சிதைத்துக் கிடைக்கும் அமினோ அமிலக் கலவை) சேர்ப்பது வழக்கம். அந்தப் புரோலின் மட்டுமே 4.3 மில்லிமோலார்.

இவை இரண்டு வகையில் கெடுக்கின்றன. பல அமினோ அமிலங்களை ஏற்றுச்செல்லும் பொதுக் கடத்திப் புரதங்களில் இவை போட்டியிட்டு, போலியை உள்ளே விடாமல் தடுக்கின்றன. கேசின் ஹைட்ரோலைசேட்டில் உள்ள லைசின் நஞ்சையே முறித்துவிடுகிறது. கேசின் கலந்த தட்டில் தேர்ந்தெடுத்த எதிர்ப்பு வரிசை, கேசின் இல்லாத தட்டுக்கு மாறியதும் தாய் வரிசையைப் போலவே சாவதைப் பார்த்திருக்கிறேன். ஓராண்டு உழைப்பு இரண்டு வாரத்தில் போயிற்று.

எனவே எம்.எஸ். உப்புகளோடு, கிளைசின் இல்லாத பி5 வைட்டமின்கள், 3 சதவீதச் சர்க்கரை, லிட்டருக்கு 2 மில்லிகிராம் 2,4-டி (வளர்ச்சி ஊக்கி) ஆகியவற்றை மட்டும் கொண்டு, பி.எச். 5.8-இல் ஊடகத்தைத் தயாரியுங்கள். இரு வரிசைகளையும் அதில் குறைந்தது மூன்று மறுவளர்ப்புக்குப் பழக்குங்கள். இந்த மூன்று சுற்றிலும் எதிர்ப்பு வரிசைக்குப் போலியைக் கொடுக்கக் கூடாது. செல்லுக்குள் மிச்சமிருக்கும் போலி அளவீட்டில் குறுக்கிடும் என்பது ஒரு காரணம். நஞ்சு இல்லாத இடத்திலும் எதிர்ப்பு நிலைத்து நிற்கிறதா, அல்லது தற்காலிகப் பழக்கமா என்று தெரிந்துவிடும் என்பது இன்னொன்று.

4. தாங்குதிறனை எண்ணாக்குதல்

போலியை 0, 0.05, 0.1, 0.25, 0.5, 1, 2 மில்லிமோலார் என்ற அளவுகளில் கொடுத்து, ஒவ்வொன்றிலும் 200 மில்லிகிராம் கேலஸை 14 நாள் வளர்த்து, வளர்ச்சி பாதியாகும் செறிவை இரு வரிசைகளுக்கும் கண்டுபிடியுங்கள். இந்த இரண்டு எண்களின் விகிதம் கடைசிப் பகுதியில் தேவைப்படும். அதுவே இந்த வழிகாட்டியின் அச்சாணி.

இங்கே நடக்கும் பிழைகளில் பெரும்பாலானவை தராசில் நடக்கின்றன. அமினோஎத்தில் சிஸ்டீன் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரைடு உப்பாக விற்கப்படுகிறது. அதன் மூலக்கூறு எடை 200.7, தனிச் சேர்மத்தின் எடை 164.2. சிறிய எண்ணை வைத்து எடை போட்டால் நீங்கள் 1 மில்லிமோலார் என்று எழுதுவது உண்மையில் 0.82 மில்லிமோலார். 5-மெத்தில் டிரிப்டோபேன் போன்றவை வலக்கை, இடக்கை வடிவங்கள் கலந்த நிலையில் வருவதுண்டு. குப்பியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுக் குறிப்பேட்டில் எழுதுங்கள். உப்பு வடிவம் ஊடகத்தின் பி.எச்.சையும் இறக்கும் என்பதால் கரைசலைச் சரிசெய்து, 0.22 மைக்ரான் வடிகட்டி வழியாக, ஆட்டோகிளேவிலிருந்து வந்து ஆறிய ஊடகத்தில் சேருங்கள்.

போலியோடு சமச் செறிவில் லைசின் சேர்த்த தட்டு ஒன்றும் கட்டாயம். தாய் வரிசை அதில் பிழைத்தால், நஞ்சு லைசினின் இடத்தில்தான் வேலை செய்கிறது என்று பொருள். (போலிகள் ஆய்வகச் சரக்கு மட்டும்தான் என்று எண்ண வேண்டாம்; தம்பட்டை அவரை விதையில் உள்ள கனவானைன் அர்ஜினினின் போலிதான்.)

5. இரு வரிசைகளையும் ஒரே நிலைக்குக் கொண்டுவருதல்

எனக்குத் தெரிந்தவரை தவறான முடிவுகளில் பாதிக்கு மேல் இந்தப் படியில்தான் பிறக்கின்றன.

முதலில் வளர்ச்சி நிலை. வாரம் ஒருமுறை மறுவளர்ப்பு செய்யும் திரவ வளர்ப்பில், மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரையிலான செல்களே சுறுசுறுப்பானவை. எதிர்ப்பு வரிசை பெரும்பாலும் மெதுவாக வளரும். ஆகவே நாட்காட்டியில் ஒரே நாள் என்பது வளர்ச்சியில் ஒரே நிலை ஆகாது. இரண்டுக்கும் வளர்ச்சி வளைகோடு போட்டு, இரண்டும் அடுக்கடுக்காகப் பெருகும் கட்டத்தில் இருக்கும் நாளைத் தனித்தனியே தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது கட்டிகளின் அளவு. நெல் செல்கள் தனித்தனியாகப் பிரிந்து வளர்வது அரிது. கொத்துக் கொத்தாகவே வளரும். பெரிய கொத்தின் உட்புறச் செல்களுக்கு அமினோ அமிலம் பத்து நிமிடத்துக்குள் போய்ச் சேராது. எதிர்ப்பு வரிசை சற்றுப் பெரிய கொத்துகளாக வளர்ந்தால், கடத்திப் புரதத்தில் எந்த மாற்றமும் இல்லாமலேயே ஒரு கிராமுக்கான உள்ளேற்பு குறைந்து தெரியும். அரை மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, கீழே இறங்கியவற்றை மட்டும் எடுங்கள். முறையான சல்லடை இல்லாதபோது கண்ணி நெருக்கமான எவர்சில்வர் டீ வடிகட்டியை ஆட்டோகிளேவ் செய்து சமாளித்திருக்கிறோம். இரு வரிசைக்கும் அதே வடிகட்டி என்பதுதான் முக்கியம்.

பிறகு உயிர்ப்பு. எவன்ஸ் நீலம் செத்த செல்லுக்குள் மட்டும் புகும். ஃப்ளூரசீன் டைஅசிட்டேட் உயிருள்ள செல்லை ஒளிரச் செய்யும். ஏதாவது ஒன்றால் எண்ணி, இரு வரிசையிலும் உயிருள்ளவை 85 சதவீதத்துக்குக் குறைந்தால் அன்றைய சோதனையை விட்டுவிடுங்கள். நமது ஊர்களில் சித்திரை, வைகாசியில் குளிர்சாதனம் ஓரிரவு நின்றால் வளர்ப்பறை 25 டிகிரியிலிருந்து எங்கோ ஏறிவிடுகிறது. மறுநாள் இந்த எண்ணிக்கைதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

எடை பற்றி ஒரு சொல். ஈர எடை மட்டும் போதாது, ஏனெனில் இரு வரிசைகளின் நீர்ச்சத்து வேறுபடலாம். ஒரு பகுதியை 60 டிகிரியில் உலர்த்தி உலர் எடையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் உலர்த்திய மாதிரி மேசையில் இருக்கும்போதே ஈரம் குடித்துவிடும். டெசிக்கேட்டரிலிருந்து எடுத்த கையோடு எடை போடுங்கள்.

6. கழுவுதலும் முன்னிருப்பும்

பி.எச். 5.5 உடைய 10 மில்லிமோலார் மெஸ் பஃபரில் 0.5 மில்லிமோலார் கால்சியம் குளோரைடும் 3 சதவீதச் சர்க்கரையும் சேர்த்த கரைசலில், செல்களை மூன்று முறை மெதுவாகக் கழுவுங்கள். சர்க்கரை, வெளியே உள்ள சவ்வூடு அழுத்தத்தை ஊடகத்தோடு சமமாக வைக்கிறது. கால்சியம் இல்லாவிட்டால் சவ்வு கசியும். உள்ளேயிருந்து ஒழுகும் அமினோ அமிலங்கள் உங்கள் கணக்கைக் கலைக்கும். பஃபர் எதற்கு என்றால், புரோட்டான்கள் உள்ளே போகப் போக வெளிக்கரைசலின் பி.எச். ஏறும், ஏறினால் உள்ளேற்பு தானாகவே தளரும்.

பிறகு மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் செல் என்ற அடர்த்தியில், 25 டிகிரியில், மெதுவான சுழற்சியில் 30 நிமிடம் விடுங்கள். கழுவிய அதிர்ச்சியிலிருந்து செல்கள் மீள இந்த நேரம் தேவை. இதை ஒரு வரிசைக்கு 30 நிமிடமும் மற்றொன்றுக்கு, கை ஒழியாததால், இரண்டு மணி நேரமும் கொடுத்துவிடாதீர்கள். நைட்ரஜன் இல்லாத கரைசலில் நெடுநேரம் இருக்கும் செல்கள் உள்ளிருப்பைச் செலவழித்து, உள்ளேற்பு வேகத்தைக் கூட்டிக்கொள்ளும்.

7. அளவீடு

லைசினை மொத்தச் செறிவு 50 மைக்ரோமோலார் ஆகும்படியும், கதிரியக்கம் மில்லிலிட்டருக்கு 3.7 கிலோபெக்கரல் ஆகும்படியும் சேருங்கள். சேர்த்த 15 நொடியில் ஒரு மாதிரி (சுவரில் ஒட்டியதைப் பின்னர்க் கழிக்க), பிறகு 2, 5, 10, 20 நிமிடங்களில் ஒவ்வொரு மில்லிலிட்டர் மாதிரி எடுத்து, வெற்றிடத்தில் கண்ணாடியிழை வடிகட்டி மேல் ஊற்றுங்கள்.

ஊற்றியவுடன் பனிக்குளிர்ந்த பஃபர் 5 மில்லிலிட்டரால் மூன்று முறை கழுவ வேண்டும். அந்தப் பஃபரில் கதிரியக்கம் இல்லாத லைசின் 1 மில்லிமோலார் இருக்கட்டும். லைசின் நேர்மின்னேற்றம் கொண்டது. செல்சுவரின் பெக்டினில் எதிர்மின்னேற்றம் இருக்கிறது. வெறும் நீரில் கழுவினால் சுவரில் ஒட்டிய லைசின் அப்படியே இருந்து, உள்ளே போனதாகக் கணக்கில் ஏறும். லியூசின், ஃபினைல்அலனைன் போன்றவற்றில் இந்தத் தொல்லை குறைவு என்பதால், அவற்றோடு பழகிய கை லைசினில் ஏமாறுகிறது. ஐஸ் இயந்திரம் இல்லையென்றால் மீன் வண்டிக்குப் போகும் ஐஸ் கட்டியை வாங்கி உடைத்துப் பஃபர் பாட்டிலைச் சுற்றி வைக்கலாம். அந்த ஐஸ் நீர் ஒரு துளிகூடப் பாட்டிலுக்குள் போகக் கூடாது.

வடிகட்டியோடு செல்களைச் சூடான 80 சதவீத எத்தனாலில் போட்டு, கரையும் பகுதியையும் கரையாத பகுதியையும் தனித்தனியே எண்ணிக் கூட்டுங்கள். கரையாத பகுதி, புரதத்தில் சேர்ந்துவிட்டது. அதை விட்டுவிட்டால், வேகமாக வளரும் தாய் வரிசையின் உள்ளேற்பு குறைத்து மதிப்பிடப்படும். நேரம் நீள நீளக் கார்பன்-14-இன் ஒரு பகுதி சுவாசத்தில் வாயுவாக வெளியேறிவிடும் என்பதும் குறுகிய நேரத்தில் முடிப்பதற்கு ஒரு காரணம்.

எண்ணும் கருவியின் நேரடி எண்ணிக்கையை நம்ப வேண்டாம். நிறத்தால் வரும் ஒளித்தணிப்பைத் திருத்திய நிமிடச் சிதைவாக மாற்றுங்கள். பாரா-ஃப்ளூரோஃபினைல்அலனைனைத் தாங்கும் புகையிலைச் செல்கள் பீனாலியச் சேர்மங்களை மிகுதியாகச் சேர்ப்பது தெரிந்ததே. அப்படிப்பட்ட பழுப்புச் சாறு ஒளியை விழுங்கி, எதிர்ப்பு வரிசையின் எண்ணிக்கையை மட்டும் குறைத்துக் காட்டும்.

8. கணக்கு

3.7 கிலோபெக்கரல் என்றால் நிமிடத்துக்கு 2,22,000 சிதைவு. ஒரு மில்லிலிட்டரில் 50 நானோமோல் லைசின் இருப்பதால், ஒரு நானோமோலுக்கு 4,440 சிதைவு. பத்தாம் நிமிட மாதிரி 26,640 என்றும், 15 நொடி மாதிரி 4,440 என்றும் வந்ததாகக் கொள்வோம். வேறுபாடு 22,200, அதாவது 5 நானோமோல். 50 மில்லிகிராம் செல்லுக்கு இது; கிராமுக்கு 100 நானோமோல்; இடைப்பட்ட நேரத்தை ஏறத்தாழ 10 நிமிடம் என்று கொண்டால் கிராமுக்கு நிமிடத்துக்கு 10 நானோமோல்.

இங்கேயே ஒரு சரிபார்ப்பு. வெளியே இருந்த 50-இல் 5 போய்விட்டது, பத்து சதவீதம். இதைத் தாண்டினால் வெளிச்செறிவு மாறிவிட்டது என்று பொருள். செல் அடர்த்தியைக் குறையுங்கள் அல்லது நேரத்தைச் சுருக்குங்கள்.

9. கதிரியக்கம் இல்லாத வழி

வெளிக்கரைசலில் லைசின் குறைவதை அளப்பதே மாற்று. நின்ஹைட்ரின் மலிவு, ஆனால் அது எல்லா அமினோ அமிலத்தையும் சேர்த்துக் காட்டும், செல்லிலிருந்து கசிவதையும்கூட. கைரேகை எடுக்கப் பயன்படும் அதே நின்ஹைட்ரின்தான் இது. கையுறை இல்லாமல் தொட்ட குழாயில் உங்கள் வியர்வையே நிறம் காட்டும். அமினோ அமிலங்களைத் தனித்தனியே பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவி கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். அதில் அமினோ அமிலங்களை ஒளிரச் செய்யும் ஆர்த்தோஃப்தலால்டிஹைடு கொண்டு அளந்தால் புரோலின் தெரியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். குறைவு கண்ணுக்குத் தெரியும்படி இருக்கச் செல் அடர்த்தியைக் கூட்ட வேண்டியிருப்பதால், முந்தைய பகுதியின் பத்து சதவீத விதியை இங்கே கடைப்பிடிக்க முடியாது. ஆகவே தொடக்கச் சாய்விலிருந்து மட்டும் வேகத்தைக் கணக்கிடுங்கள்.

10. செறிவும் குறிப்புத்தன்மையும்

5 முதல் 500 மைக்ரோமோலார் வரை ஏழெட்டுச் செறிவுகள் போதும். உச்ச வேகம் குறைந்து, பாதி வேகத்துக்கான செறிவு மாறாமல் இருந்தால் கடத்திகளின் எண்ணிக்கை குறைந்திருக்கலாம். பாதி வேகச் செறிவு உயர்ந்திருந்தால் கடத்தியின் பிடிமானமே மாறியிருக்கலாம். அதிகச் செறிவில் வளைகோடு தட்டையாகாமல் ஏறிக்கொண்டே போவது தாவரச் செல்களில் வழக்கம். அந்தச் சரிவான பகுதியைத் தனியாகப் பிரிக்காமல் தலைகீழ் வரைபடத்தில் (வேகத்தின் தலைகீழியைச் செறிவின் தலைகீழிக்கு எதிரே குறிப்பது) நேர்கோடு இழுப்பவர்களுக்கு விருப்பப்பட்ட எண் கிடைக்கும்.

அடுத்து, 50 மைக்ரோமோலாரில் அர்ஜினின், லியூசின், புரோலின் ஆகியவற்றின் உள்ளேற்பையும் இரு வரிசையிலும் அளந்து பாருங்கள். லைசினும் அர்ஜினினும் மட்டும் குறைந்தால் காரமான அமினோ அமிலங்களின் கடத்தியைச் சந்தேகிக்கலாம். எல்லாமே ஒரே விகிதத்தில் குறைந்தால், கடத்தியைக் குற்றம் சொல்லும் முன் 5-ஆம் பகுதிக்குத் திரும்பிச் செல்லுங்கள். கதிரியக்க லைசினோடு கதிரியக்கமில்லாத போலியைப் பத்து மடங்கு சேர்த்த குடுவையும் வேண்டும். போலி லைசினைத் தடுக்கவில்லை என்றால் இரண்டும் வெவ்வேறு வாசலில் நுழைகின்றன, லைசினை அளந்து போலியைப் பற்றிப் பேச முடியாது. சவ்வின் புரோட்டான் சரிவைக் குலைக்கும் சி.சி.சி.பி. என்ற சேர்மத்தை 10 மைக்ரோமோலார் சேர்த்தும் குறையாத பகுதி, புரோட்டான் சரிவைச் சாராதது. அதைக் கரைத்த எத்தனாலை மட்டும் சேர்த்த குடுவை பக்கத்தில் இருக்கட்டும்.

11. முடிவு எழுதும் முன்

உள்ளேற்பு குறைந்திருப்பது தெரிந்ததும் அதுவே காரணம் என்று எழுதிவிடுவது அடுத்த அவசரம். லைசினை மிகுதியாக உண்டாக்கும் வரிசையிலும் உள்ளேற்பு குறையலாம். உள்ளே குவிந்த லைசின் கடத்தியை உட்புறத்திலிருந்தே மந்தப்படுத்தக்கூடும். ஆகவே இரு வரிசைகளின் தனி அமினோ அமில இருப்பையும் எச்.பி.எல்.சி.யில் அளந்து பக்கத்தில் வையுங்கள். இருப்பு தாயைப் போலவே இருந்து உள்ளேற்பு மட்டும் குறைந்தால் வழக்கு எளிது. இருப்பு பல மடங்கு ஏறியிருந்தால், குறைந்த உள்ளேற்பு விளைவாக இருக்கலாம், காரணமாக அல்ல. அப்போது இரு வரிசைகளையும் நைட்ரஜன் இல்லாத ஊடகத்தில் சம நேரம் வைத்து, இருப்பு இறங்கிய பின் மறுபடி அளந்தால், வேறுபாடு மறைகிறதா நிற்கிறதா என்று தெரியும்.

இப்போது 4-ஆம் பகுதியின் விகிதத்தை எடுங்கள். உள்ளேற்பு பாதியாகக் குறைந்தால், உள்ளே அதே அளவு நஞ்சு சேர வெளியே ஏறத்தாழ இரு மடங்கு வைக்க வேண்டும்; தாங்குதிறனும் அந்த அளவுக்கே கூட வேண்டும். தாங்குதிறன் இருபது மடங்கு கூடியிருக்க, உள்ளேற்பு முப்பது சதவீதம் மட்டும் குறைந்திருந்தால், வேறொன்று அங்கே நடக்கிறது; லைசின் உருவாக்கத்தின் டைஹைட்ரோடைபிகோலினேட் சிந்தேஸ், அஸ்பார்டேட் கைனேஸ் நொதிகளை அளக்கப் போக வேண்டும். இந்த ஒப்பீட்டை, நீங்கள் தேர்ந்தெடுப்புக்குப் பயன்படுத்திய போலியின் செறிவிலும் ஒருமுறை செய்யுங்கள். 50 மைக்ரோமோலாரில் தெரியும் குறை, 1 மில்லிமோலாரில் அந்தச் சரிவான பகுதியால் முற்றிலும் ஈடுகட்டப்பட்டுவிடலாம்.

எதிர்ப்பு வரிசையிலிருந்து நாற்று கிளப்ப முடிந்தால், அதன் விதையில் வந்த நாற்றுகளின் வேரிலும் இதே அளவீட்டைச் செய்யலாம். கொத்துகளின் அளவு பற்றிய கவலை அங்கே இல்லை. நாற்றின் வயதையும் வேரின் நீளத்தையும் மட்டும் சமமாக வைத்துக்கொண்டு, வெட்டிய வேரையல்ல, முழு நாற்றின் வேரைக் கரைசலில் நனைத்து அளங்கள்.